பழைய ஜீப்புக்குப் புது ஸ்பிரிங்: கடைக்கு முன்னால் எடைமேடைக்குப் போங்கள்

பெட்டமுகிலாளம் மலைக்கு ஏறி இறங்கும் ஜீப், பாலக்கோட்டில் தக்காளி ஏற்றும் ஜீப், ஓசூரில் ஞாயிற்றுக்கிழமை மட்டும் கராஜை விட்டு வெளியே வரும் ஜிப்சி. மூன்றும் ஒரே ஸ்பிரிங் பட்டறைக்குத்தான் வந்து நிற்கின்றன. மூன்றுக்கும் பெரும்பாலும் ஒரே வைத்தியம்தான் கிடைக்கிறது: "பட்டை ஒண்ணு சேத்துட்டா ஆயுசுக்கும் இறங்காது தம்பி." சொல்வது பொய்யில்லை, இறங்காதுதான். ஆனால் அதற்குப் பிறகு காலி வண்டியில் போகும்போது இடுப்பு இறங்கிவிடும். சேஸிஸில் விரிசல் விடும், ஷாக் அப்சார்பர் மாட்டும் காது பிய்ந்து வரும்.

பழைய வண்டிக்கு சஸ்பென்ஷன் மாற்ற நினைப்பவர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்றுதான். வண்டி வழக்கமாகச் சுமக்கும் எடையை, ஆக்சில் மேலே போய் அடிபடாமல் தாங்கி நிற்கிற ஸ்பிரிங்குகளில் எது மிக மென்மையானதோ அதுதான் நல்ல ஸ்பிரிங். மிச்சப் பணம் ஷாக்கில் போக வேண்டும். கீழே உள்ளதெல்லாம் அந்த மென்மையான ஸ்பிரிங்கை எப்படிக் கண்டுபிடிப்பது என்பதற்கான வழி. நான்கு சக்கரத்திலும் பட்டை ஸ்பிரிங் உள்ள மஹிந்திரா எம்எம் 540, மேஜர், மாருதி ஜிப்சி வகை வண்டிகளை மனதில் வைத்து எழுதியது. பொலேரோ, 2010இல் வந்த தார் ஆகியவற்றின் பின்பக்கத்துக்கும் பொருந்தும். முன்பக்கத்தில் காயிலோ முறுக்குக் கம்பியோ (டார்ஷன் பார்) உள்ள வண்டிகளுக்கு நடுவே தனியாகச் சில வரிகள் உண்டு.

ஸ்பிரிங்தான் குற்றவாளியா?

வண்டி தூக்கிப் போடுகிறது என்று வருபவர்களில் பலருக்கு டயர் காற்றைச் சரிபார்த்தாலே பாதிக் குறை தீர்ந்துவிடும். பங்க்கில் எல்லா வண்டிக்கும் அடிப்பதுபோல் 40 பவுண்டு அடித்த டயர், கப்பிக்கல் ரோட்டில் மரக்கட்டை மாதிரி ஓடும். கையேட்டில் சொன்ன அளவுக்குக் காற்றை இறக்கி, அதே பாதையில் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். ஸ்டீயரிங் கிடுகிடுவென்று ஆடினால் அது கிங் பின் பேரிங், டை ராடு முனை, வீல் பேரிங் சம்பந்தப்பட்டது. அவற்றைச் சரிசெய்யாமல் புது ஸ்பிரிங் போட்டாலும் ஆட்டம் நிற்காது.

அடுத்து டேப்பை எடுங்கள். சிமெண்ட் தளம் போட்ட சமமான இடத்தில் வண்டியை நிறுத்தி, நான்கு சக்கரத்திலும் சக்கர மையத்திலிருந்து மட்கார்டு விளிம்பு வரை அளந்து எழுதுங்கள். இடதுக்கும் வலதுக்கும் 10 மி.மீ. வித்தியாசம் பழைய வண்டியில் சகஜம். 20க்கு மேல் போனால் ஒரு பக்க ஸ்பிரிங் படுத்துவிட்டது, அல்லது பட்டை உடைந்திருக்கிறது என்று பொருள். பிறகு முன்சக்கர மையத்திலிருந்து பின்சக்கர மையம் வரை இரண்டு பக்கமும் அளக்க வேண்டும். முன்சக்கரம் நேராக நிற்க வேண்டும் என்பதை மறக்காதீர்கள். இரண்டு பக்கமும் ஒத்துப்போகாவிட்டால் பட்டைகளை நடுவில் கோக்கும் சென்டர் போல்ட் அறுந்து ஆக்சில் நகர்ந்திருக்கலாம். அப்படி நகர்ந்த வண்டி நேர் ரோட்டில் நண்டு மாதிரி கோணலாகப் போவது பின்னால் வருபவர் கண்ணுக்குத்தான் தெரியும், ஓட்டுபவருக்குத் தெரியாது.

கடப்பாரையை ஸ்பிரிங் முனையில் வளையமாக இருக்கும் கண்ணுக்கும் பிராக்கெட்டுக்கும் இடையில் விட்டு நெம்பிப் பாருங்கள். தளதளவென்று ஆடினால் கண்ணுக்குள் இருக்கும் புஷ் போய்விட்டது. வெறும் புஷ்ஷும், ஸ்பிரிங் முனையைச் சேஸிஸோடு இணைக்கும் ஷேக்கிளின் பின்னும் மாற்றினாலே சத்தமும் அலைச்சலும் அடங்கிவிடும் வண்டிகள் உண்டு.

ஷாக் உயிரோடு இருக்கிறதா என்று அறிய, மட்கார்டை அமுக்கிவிட்டுப் பார்க்கும் பழைய வழி பட்டை ஸ்பிரிங் வண்டிக்கு உதவாது. பட்டைகளுக்கு இடையே உள்ள உராய்வே ஆட்டத்தை நிறுத்திவிடும், செத்த ஷாக்கும் நல்லதுபோல் தெரியும். கரடுமுரடான ரோட்டில் 10 கிலோமீட்டர் ஓட்டி நிறுத்தியதும் நான்கு ஷாக்கின் உடம்பையும் புறங்கையால் மெதுவாகத் தொட்டுப் பாருங்கள். வேலை செய்யும் ஷாக் சூடாக இருக்கும். மற்ற மூன்றும் சுட, ஒன்று மட்டும் ஜில்லென்று இருந்தால் அது சும்மா தொங்கிக்கொண்டு வருகிறது.

எடை

எடைமேடைக்குப் போகாமல் ஸ்பிரிங் வாங்குவது அளவு கொடுக்காமல் சட்டை தைக்கக் கொடுப்பது மாதிரி. கிருஷ்ணகிரி, பர்கூர் பக்கம் கிரானைட் லாரிகளாலும் மாங்காய் சீசனாலும் எடைமேடைக்குப் பஞ்சமில்லை. டேங்க் நிறைய டீசல், ஸ்டெப்னி, கருவிப்பெட்டி எல்லாம் வண்டியில் இருக்கட்டும். முன்சக்கரம் மட்டும் மேடையில் ஏற்றி ஒரு சீட்டு, பின்சக்கரம் மட்டும் ஏற்றி ஒரு சீட்டு. இதைக் காலி வண்டியில் ஒருமுறையும், வழக்கமான சுமையோடு ஒருமுறையும் செய்யுங்கள். வழக்கமான சுமை என்றால் வருஷத்தில் இரண்டு நாள் ஏற்றும் சுமை அல்ல, வாரத்தில் நாலு நாள் ஏற்றுவது.

இப்போது உள்ள ஸ்பிரிங்கின் விறைப்பை வீட்டிலேயே அளந்துவிடலாம். 50 கிலோ சிமெண்ட் மூட்டை நான்கு போதும். சேஸிஸின் அடிப்பகுதிக்கும் ஆக்சில் குழாய்க்கும் நடுவே உள்ள தூரத்தை அளந்துகொள்ளுங்கள். மட்கார்டில் அளந்தால் டயர் அமுங்குவதும் கணக்கில் சேர்ந்துவிடும். மூட்டைகளைப் பின் ஆக்சிலுக்கு நேர் மேலே அடுக்கி, வண்டியை நாலைந்து முறை குலுக்கிவிட்டு மறுபடி அளங்கள். குலுக்காவிட்டால் பட்டை உராய்வு ஏமாற்றிவிடும். 200 கிலோவுக்கு வண்டி 40 மி.மீ. இறங்கினால், ஒரு ஸ்பிரிங்குக்கு 100 கிலோ, ஆக விறைப்பு மில்லிமீட்டருக்கு 2.5 கிலோ.

இந்த எண்ணை வைத்து ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். காலி வண்டியின் பின் ஆக்சில் எடை 520 கிலோ, சுமையோடு 820. கூடுதல் 300, அதாவது ஒரு ஸ்பிரிங்குக்கு 150. இரண்டரை கிலோ ஸ்பிரிங் 60 மி.மீ. இறங்கும். ஆக்சில் சேஸிஸில் இடிக்காமல் தடுக்கும் பம்ப் ஸ்டாப் ரப்பருக்கும் ஆக்சிலுக்கும் காலியில் 90 மி.மீ. இடைவெளி இருந்ததென்றால் சுமையோடு 30தான் மிச்சம். முதல் பெரிய குழியிலேயே 'டம்' என்று அடிக்கும். விறைப்பு மூன்றரை கிலோ என்றால் 43 மி.மீ. இறங்கி 47 மிச்சமிருக்கும். அது போதும். சுமையோடு நிற்கும்போது காலி இடைவெளியில் பாதி மிச்சமிருந்தால் நல்ல தேர்வு.

அப்படியானால் ஐந்து கிலோ விறைப்பு இன்னும் நல்லதுதானே என்று தோன்றும். அங்கேதான் எல்லோரும் சறுக்குகிறார்கள். ஆக்சில், சக்கரம், டிரம் எடையெல்லாம் ஸ்பிரிங் தாங்குவதில்லை. அவற்றுக்கு 120 கிலோ கழித்தால் காலி வண்டியில் ஒரு பின் ஸ்பிரிங் தாங்குவது 200 கிலோ. இரண்டரை கிலோ ஸ்பிரிங் அந்த எடைக்கு 80 மி.மீ. அமுங்கி நிற்கும். ஐந்து கிலோ ஸ்பிரிங் 40 மி.மீ. மட்டும் அமுங்கும். அந்த அமுக்கம்தான் குழி வரும்போது சக்கரம் கீழே இறங்கித் தரையைத் தொடக் கிடைக்கும் தூரம். அது குறைந்தால் சித்தேரி மாதிரி கல் துருத்திய பாதையில் ஒரு சக்கரம் காற்றில் தொங்கும், இன்னொன்று சும்மா சுற்றும். ஃபோர் வீல் போட்டும் ஏறவில்லையே என்று கியரைத் திட்டுவதில் பயனில்லை.

கட்டைப் பிரித்துப் பாருங்கள்

பட்டைகள் அடுக்கிய ஸ்பிரிங் கட்டைக் கழற்றி, சென்டர் போல்ட்டை எடுக்கும் முன் கட்டை வைஸிலோ சி கிளாம்பிலோ இறுக்கிப் பிடிக்க வேண்டும். அப்படியே நட்டைக் கழற்றினால் பட்டைகள் விரிந்து முகத்தில் அடிக்கும். பிரித்ததும் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, ஒவ்வொரு பட்டையையும் வெயிலில் சாய்த்துப் பாருங்கள். கீழ்ப்பட்டையின் முனை மேல்பட்டையில் தேய்த்துத் தேய்த்து ஒரு படி வெட்டியிருக்கும், நகத்தை ஓட்டினால் தடுக்கும். அந்த இடத்தில் வெர்னியரை வையுங்கள். 6 மி.மீ. பட்டை அங்கே 5 ஆகியிருந்தால் அந்த இடத்தின் விறைப்பு பாதிக்குக் கொஞ்சம் மேல்தான் மிச்சம். சென்டர் போல்ட் துளையின் ஓரங்களில் மயிரிழை மாதிரி துருக்கோடு ஓடினால் அது விரிசல், பட்டை பழைய இரும்புக்குத்தான் போக வேண்டும். விரிசலில் வெல்டிங் வைக்க யாராவது முன்வந்தால் நன்றி சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். ஸ்பிரிங் எஃகு வெல்டிங் சூட்டில் பதம் இழந்துவிடும், அடுத்த வாரம் அதே இடத்துக்குப் பக்கத்தில் உடையும்.

கனம் ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், பட்டையின் விறைப்பு கனத்தின் மும்மடிப் பெருக்கத்தில் ஏறும். 6 மி.மீ. பட்டைக்குப் பதில் அதே அகலம், அதே நீளத்தில் 7 போட்டால் விறைப்பு ஏறக்குறைய 60 சதவீதம் கூடும். 8 போட்டால் இரண்டு மடங்கையும் தாண்டும். அகலமோ எண்ணிக்கையோ கூடினால் அந்த விகிதத்தில் மட்டும்தான் கூடும். அதனால் பட்டறையில் "கொஞ்சம் கனமா" என்ற வார்த்தையை வாயிலிருந்து விடாதீர்கள். "அண்ணா, 6 மி.மீ.யே போடுங்க, கடைசிப் பட்டை மட்டும் 7 இருக்கட்டும்" என்று எண்ணாகச் சொல்லுங்கள். நெருங்கிய கனம் கிடைக்காவிட்டால் கனத்தை ஏற்றாமல் எண்ணிக்கையைக் கூட்டச் சொல்லுங்கள்.

கடைக்குக் கொண்டுபோக வேண்டிய குறிப்பு ஒரு தாளில் அடங்கும்: கண்ணுக்குக் கண் நீளம், வண்டி எடை மேலே இருக்கும் நிலையில் ஒன்று, கழற்றிய பின் ஒன்று, சென்டர் போல்ட்டிலிருந்து முன்கண் வரை, பின்கண் வரை, பட்டையின் அகலம், ஒவ்வொரு பட்டையின் கனமும் நீளமும், கண்ணின் உள்விட்டம், புஷ் நீளம், ஷேக்கிள் பின்னின் கனம், சென்டர் போல்ட் தலையின் விட்டமும் உயரமும். இரண்டு கண்ணுக்கும் நூல் கட்டி, நடுவில் பட்டை எவ்வளவு ஆழம் வளைந்திருக்கிறது என்றும் அளந்து எழுதுங்கள். சென்டர் போல்ட் பெரும்பாலும் சரியாக நடுவில் இருக்காது, முன்னால் குறைவாகவும் பின்னால் கூடுதலாகவும் இருக்கலாம். திருப்பி மாட்டினால் ஆக்சில் நகர்ந்து புரொப்பெல்லர் ஷாஃப்ட் முட்டும். சில பழைய ஜீப்களில் இடது வலது ஸ்பிரிங்குகளே வேறு வேறு. இரண்டையும் தனித்தனியாக அளந்து, சுண்ணாம்புக்கட்டியால் பக்கத்தை எழுதி வையுங்கள்.

என்ன வாங்குவது

பட்டைகள் உடையாமல், தேயாமல், வளைவு மட்டும் படுத்திருந்தால் பட்டறையில் அடித்து வளைவு ஏற்றித் தருவார்கள். செலவு குறைவு. ஆனால் குளிர்நிலையில் அடித்து ஏற்றிய வளைவு சில மாதத்தில் மறுபடி இறங்கும் வாய்ப்பு அதிகம். காஸ் விளக்கால் ஒரு இடத்தை மட்டும் சிவக்கக் காய்ச்சி வளைப்பது இன்னும் மோசம், அந்த இடம் ஈயம் மாதிரி ஆகிவிடும். முழுப் பட்டையையும் உலையில் காய்ச்சி, எண்ணெயில் தோய்த்து, திரும்பப் பதம் பார்க்கும் வசதி உள்ள இடமென்றால் நம்பலாம். சேலம், நாமக்கல் பக்கம் லாரித் தொழிலை நம்பி இருக்கும் பெரிய பட்டறைகளில் கேட்டுப் பாருங்கள். உலையைக் காட்டச் சொல்வதில் தப்பில்லை.

பட்டை உடைந்திருந்தாலோ தேய்ந்திருந்தாலோ புது செட்தான். வண்டி கம்பெனி விட்டு வந்தபடியே, கூடுதல் பெட்டியோ, சிக்கிய வண்டியை இழுக்கும் வின்ச்சோ இல்லாமல் ஓடுகிறதென்றால் கம்பெனி அளவிலான ஸ்பிரிங்கை விட்டு விலகாதீர்கள். வாரத்தில் சில நாள் மட்டும் சுமை என்றால் உதவிப் பட்டை வையுங்கள். அது கட்டின் அடியில் ஏறக்குறைய நேராகக் கிடக்கும், காலியில் மேல்பட்டையைத் தொடாது. சுமை ஏறி வளைவு நிமிர்ந்த பிறகுதான் தாங்கத் தொடங்கும். பாலக்கோடு, ராயக்கோட்டை பக்கம் தக்காளிக்கு ஓடும் வண்டிக்கு இதைவிடப் பொருத்தமான ஏற்பாடு கிடையாது. 25 கிலோ கிரேட் 12 ஏற்றிப் போய், திரும்பும்போது காலியாக வரும் வண்டி இரண்டு நேரமும் ஒழுங்காக ஓடும்.

நடுவில் கனமாகவும் முனையில் மெலிந்தும் இருக்கும் பாரபோலிக் பட்டை ஆசை பலருக்கு உண்டு. அதில் பட்டைகள் ஒன்றையொன்று தேய்க்காது, இரண்டு மூன்று பட்டையே போதும். சின்னக் கல்லில் ஓட்டம் நிஜமாகவே மெத்தை மாதிரி இருக்கும். ஆனால் உராய்வு இல்லாததால் ஆட்டத்தை அடக்கும் வேலை முழுவதும் ஷாக் தலையில் விழும். பழைய ஷாக்கோடு பாரபோலிக் போட்டால் வண்டி பரிசல் மாதிரி ஆடும். அதோடு ஒரு பட்டை உடைந்தாலும் அஞ்செட்டியில் நின்றபடி மாற்றுப் பட்டை தேடிக்கொண்டிருக்க முடியாது. சாதாரணக் கட்டில் ஒரு பட்டை உடைந்தால் மரக்கட்டையும் கயிறும் வைத்துக் கட்டி ஊர் வந்து சேரலாம். தொலைவான மலை ஊர்களுக்குப் போகிற வண்டிக்குச் சாதாரணக் கட்டுதான் என் ஓட்டு.

முன்பக்கம் முறுக்குக் கம்பி உள்ள வண்டிகளில் சரிசெய்யும் போல்ட்டை முறுக்கினால் முன்பக்கம் உயரும், விறைப்பு கூடாது. உயர்ந்த அளவுக்குச் சக்கரம் கீழே இறங்கும் தூரம் குறையும், பால் ஜாயிண்டும் டிரைவ் ஷாஃப்ட் மூட்டும் கோணத்தில் உழைத்துச் சீக்கிரம் போகும். படுத்த உயரத்தைக் கம்பெனி அளவுக்குத் திருப்பிக் கொண்டுவர மட்டும் அந்தப் போல்ட்டைப் பயன்படுத்துங்கள். காயில் ஸ்பிரிங்கை ஒரு சுற்று வெட்டினால் வண்டி இறங்கும், மிச்சமுள்ள காயில் முன்னைவிட விறைக்கும். கெட்ட ரோட்டு வண்டிக்கு இரண்டும் வேண்டாதவை.

ஷாக்: நீளம்தான் முதல் கேள்வி

எந்த பிராண்டு என்பது இரண்டாவது கேள்வி. ஷாக் வண்டியைத் தாங்குவதில்லை, ஸ்பிரிங்கின் ஆட்டத்தை அடக்குகிறது. அது ஸ்பிரிங்குக்கும் வண்டியின் அசைவுக்கும் பொருந்த வேண்டும். புது ஸ்பிரிங் மாட்டிய பிறகு அளந்து வாங்குவதே முறை.

வண்டி நிற்கும் நிலையில் மேல் மாட்டு மையத்திலிருந்து கீழ் மாட்டு மையம் வரை அளக்கவும். 400 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். பம்ப் ஸ்டாப்புக்கு இடைவெளி 60, ரப்பர் நசுங்க 20, ஆக முழுதாக அமுங்கினால் 320. ஷாக்கின் மூடிய நீளம் இதைவிட 15 மி.மீ. குறைவாக, 305க்குள் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ரப்பர் அடிபடும் முன் ஷாக் அடிபட்டு உள்ளே வால்வு நொறுங்கும். பிறகு சேஸிஸில் ஜாக்கி வைத்துச் சக்கரத்தைத் தொங்கவிட்டு அளந்தால் 475 வருகிறது என்றால், விரிந்த நீளம் 480க்குக் குறையக்கூடாது. குறைந்தால் ஒவ்வொரு குழியிலும் ஆக்சிலின் முழு எடையும் ஷாக்கில் தொங்கும், மாட்டுக் காது வெல்டிங்கோடு பிய்ந்து வரும். தூக்கி உயர்த்திய வண்டிகளில் நடப்பது பெரும்பாலும் இதுதான். மாட்டு வகையையும் குறித்துக்கொள்ளுங்கள்: கண்ணா, மரை போட்ட தண்டா, இரண்டு முனையும் ஒன்றா, வேறா.

சாதாரண இரட்டைக் குழாய் எண்ணெய் ஷாக், அதிலேயே குறைந்த அழுத்தத்தில் காஸ் நிரப்பியது, ஒற்றைக் குழாயில் அதிக அழுத்த காஸ் என்று மூன்று வகை. நிலத்துக்கும் ஊருக்கும் இடையில் ஓடுகிற வண்டிக்கு முதல் வகை போதும். வரி வரியாக அலை விழுந்த மண்சாலையில் நீண்ட தூரம் ஓடுபவர்களுக்கு எண்ணெய் ஷாக்கில் எண்ணெயும் காற்றும் கலந்து நுரைத்துவிடும், அரை மணி நேரத்தில் ஷாக் இருந்தும் இல்லாத மாதிரிதான். அவர்கள் இரண்டாவது வகைக்குப் போகலாம். ஒற்றைக் குழாய் சூட்டை நன்றாக விடும், ஆனால் வெளிக்குழாயில் ஒரு கல் பட்டுப் பள்ளம் விழுந்தால் உள்ளே பிஸ்டன் சிக்கிக்கொள்ளும். குவாரி ரோட்டுக்கு அது வேண்டாம். எதை வாங்கினாலும் தண்டின் மேல் தூசி உறை இருக்கட்டும். நம் பக்கத்துச் செம்மண்ணும் கிரானைட் மாவும் சீலை அரைக்கும் உப்புத்தாள்.

விறைப்பான ஷாக்தான் நல்லது என்று இன்னொரு நம்பிக்கை உண்டு. திரும்பி எழும்போது ரொம்ப இறுக்கமாக இருந்தால், அலை ரோட்டில் ஒரு மேட்டில் அமுங்கிய ஸ்பிரிங் எழுந்து முடிக்கும் முன் அடுத்த மேடு வந்துவிடும். கொஞ்சம் கொஞ்சமாக வண்டி கீழே உட்கார்ந்து, ரப்பரில் ஓட ஆரம்பிக்கும். ஸ்பிரிங்கை மாற்றாதவர் ஷாக்கில் விறைப்பைக் கூட்ட வேண்டாம்.

இரட்டைக் குழாய் ஷாக்கைக் கடையிலிருந்து படுக்கவைத்துக் கொண்டுவந்திருந்தால், மாட்டும் முன் நிமிர்த்திப் பிடித்து நாலைந்து முறை முழுக்க இழுத்து அமுக்குங்கள். முதல் இழுப்பில் நடுவில் ஒரு தொய்வு தெரியும், காற்று வெளியேறியதும் ஒரே சீராக இழுக்கும். நான்காவது இழுப்பிலும் தொய்வு போகவில்லை என்றால் அதைத் திருப்பிக் கொடுங்கள். போலிச் சரக்கும் சந்தையில் புழங்குகிறது. ரசீது இல்லாமல் வாங்காதீர்கள்.

உயர்த்தும் ஆசை

நீளமான ஷேக்கிள் போட்டு முன்பக்கத்தை உயர்த்துவது மலிவான வழி. 50 மி.மீ. கூடுதல் நீளம் பாதி உயரத்தை, 25 மி.மீ.யை மட்டும் தரும். ஷேக்கிள் முன்முனையில் இருக்கும் ஜீப்பிலும் ஜிப்சியிலும் இது ஆக்சிலை முன்னால் சாய்த்து காஸ்டர் கோணத்தை, அதாவது முன்சக்கரம் திரும்பும் அச்சு பின்னால் சாய்ந்திருக்கும் கோணத்தை, குறைத்துவிடும். அப்புறம் ஸ்டீயரிங் தானாக நேருக்குத் திரும்பாது. தொப்பூர் இறக்கத்தில், பக்கத்தில் லாரி உரசிக்கொண்டு போகும்போது, அலையும் ஸ்டீயரிங்கோடு இருக்க யாருக்கும் ஆசை வராது. ஆப்பு வைத்துக் கோணத்தைத் திருத்தலாம்தான். 50 மி.மீ.க்கு மேல் உயர்த்தினால் பிரேக் ஹோஸ், புரொப்பெல்லர் ஷாஃப்ட் கோணம், டிராக் லிங்க் எல்லாம் வரிசையாகக் கை நீட்டும். புதியவர்கள் அந்தப் பக்கம் போக வேண்டாம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவும் பதிவுச் சான்றிதழில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 15 வருஷம் தாண்டிய சொந்த வண்டியைப் பதிவு புதுப்பிக்க ஆர்டிஓ அலுவலகத்துக்குக் கொண்டுபோகும் அன்று அது நினைவுக்கு வரும்.

மாட்டும் வரிசை

முந்தின நாள் இரவே எல்லா நட்டுக்கும் துரு இளக்கும் எண்ணெய் அடித்து வையுங்கள். ஒரு நேரத்தில் ஒரு பக்கம் மட்டும் கழற்றுங்கள். மறுபக்கம் இருந்தால்தான் ஆக்சில் இடம் மாறாது, எது எப்படி இருந்தது என்று எட்டிப் பார்க்கவும் முடியும். சேஸிஸுக்கு அடியில் ஸ்டாண்டு, ஆக்சிலுக்கு அடியில் ஜாக்கி. ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுக்காதீர்கள்.

ஸ்பிரிங்கை ஆக்சிலோடு கட்டும் பழைய யூ போல்ட்டை வெட்டி எறியுங்கள். ஒருமுறை முறுக்கி நீண்ட யூ போல்ட் மறுபடி பிடிக்காது, புது நான்கும் புது நட்டும் வாங்கியே ஆக வேண்டும். மரை போட்ட பழைய ஷேக்கிள் உள்ள வண்டிகளில் சிலவற்றுக்கு இடமரை இருக்கும். இறுகுகிறதே என்று குழாய் போட்டு நெம்பும் முன் மரை எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பாருங்கள்.

புது ஸ்பிரிங்கின் நிலையான கண்ணை முதலில் மாட்டி, பிறகு ஷேக்கிள் பக்கம். இரண்டு போல்ட்டையும் கையால் மட்டும் முறுக்கி விடுங்கள். ஆக்சிலை இறக்கும்போது சென்டர் போல்ட் தலை ஆக்சில் பேடின் துளைக்குள் முழுதாக உட்கார வேண்டும், விரலால் தடவிப் பாருங்கள். தலை சின்னதாக இருந்து துளை பெரிதாக இருந்தால் பிரேக் போடும் ஒவ்வொரு முறையும் ஆக்சில் நகரும், ஒரு நாள் சென்டர் போல்ட் அறுந்துவிடும். யூ போல்ட் நான்கு நட்டையும் குறுக்கு மறுக்காகக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்குங்கள். 12 மி.மீ. போல்ட்டுக்கு வழக்கமாக 60 முதல் 90 நியூட்டன் மீட்டர். கையேட்டில் வேறு எண் இருந்தால் அதுதான் சரி.

ரப்பர் புஷ் உள்ள கண் போல்ட்டுகளை இப்போது இறுக்காதீர்கள். புதியவர்கள் மட்டுமல்ல, பழகிய மெக்கானிக்குகளும் தவறவிடும் இடம் இது. சக்கரம் தொங்கும்போது இறுக்கினால், வண்டி தரையில் நின்றதும் புஷ் முறுக்கிக்கொண்டே கிடக்கும், ஆறு மாதத்தில் கிழியும். வண்டியை இறக்கி, குலுக்கி, எடை முழுதும் ஸ்பிரிங்கில் வந்த பிறகே இறுக்க வேண்டும். ரப்பர் புஷ்ஷுக்கு கிரீஸ் வேண்டாம். கிரீஸ் நிப்பிள் உள்ள உலோக புஷ்ஷுக்கு மட்டும் போடுங்கள்.

ஸ்பிரிங்கில் டீசலும் கழிவு ஆயிலும் அடிப்பது பழைய பழக்கம். சத்தம் ஒரு வாரம் நிற்கும். அதன் பிறகு எண்ணெயில் ஒட்டிய மண் பட்டைகளுக்கு நடுவில் அம்மியாக அரைக்கும், டீசல் பட்ட ரப்பர் உப்பிவிடும். கட்டும்போதே பட்டைகளுக்கு நடுவில் கிராஃபைட் கிரீஸ் மெல்லிசாகத் தடவி விடுங்கள், அது போதும்.

பின் ஆக்சிலில் சுமைக்கேற்ப பிரேக் அழுத்தத்தை மாற்றும் வால்வு உள்ள வண்டியில், பின்பக்கம் உயர்ந்ததும் அந்த வால்வு வண்டி காலி என்றே நினைத்துக்கொண்டு பின் பிரேக்கைக் குறைத்துவிடும். அதன் கம்பியைப் புது உயரத்துக்குச் சரிசெய்து, ஆள் இல்லாத ரோட்டில் பிரேக் அடித்துப் பாருங்கள். டோ அளவும் (முன்சக்கரங்கள் உள்ளேயோ வெளியேயோ பார்த்து நிற்கும் அளவு) ஹெட்லைட் உயரமும் அன்றைக்கே பார்க்க வேண்டியவை.

முதல் ஆயிரம் கிலோமீட்டர்

100 கிலோமீட்டரில் யூ போல்ட் நட்டை மறுபடி முறுக்குங்கள். புதுப் பட்டைகள் ஒன்றோடொன்று படிந்து உட்காரும்போது நட்டு தளரும், முதல் முறை பெரும்பாலும் கால் சுற்று ஏறும். 500இல் இன்னொரு முறை. ஓட்டிப் பார்க்க வத்தல்மலை கொண்டை ஊசி வளைவுகள் நல்ல இடம். திருப்பத்தில் சாய்வு, ஏற்றத்தில் இழுவை, இறக்கத்தில் பிரேக் எல்லாம் அரை நாளில் தெரிந்துவிடும். அஞ்செட்டி, உரிகம் பக்கம் உள்ள காட்டுப் பாதைகள் பெரும்பாலும் வன உயிரின சரணாலயத்துக்குள் வருபவை. அனுமதியில்லாமல் உள்ளே போகக்கூடாது, யானை நடமாட்டமும் உண்டு.

ஓட்டத்தில் கேட்கும் சத்தங்களில் சில: மெதுவாகப் போகும்போது 'கிரீச்' என்றால் பட்டை முனை உராய்வு, பயப்பட வேண்டாம். பிரேக் போட்டதும் ஒரே ஒரு 'டக்' என்றால் யூ போல்ட் தளர்வு அல்லது சென்டர் போல்ட், வண்டியை அங்கேயே நிறுத்துங்கள். சின்னக் குழியில் 'கடகட' என்றால் ஷாக் கண் ரப்பர், அல்லது பட்டைகளைச் சேர்த்துப் பிடிக்கும் கிளிப் தளர்வு. பெரிய மேட்டைத் தாண்டி இறங்கும்போது மேலே இழுத்துப் பிடித்தமாதிரி அடித்தால் ஷாக் நீளம் போதவில்லை.

ஆயிரம் கிலோமீட்டர் முடிந்ததும் ஆரம்பத்தில் அளந்த அதே நான்கு இடத்தையும் அதே தளத்தில் மறுபடி அளங்கள். புது ஸ்பிரிங் 10, 15 மி.மீ. இறங்குவது இயல்பு. நான்கும் சேர்ந்து இறங்கினால் விட்டுவிடலாம். ஒரு மூலை மட்டும் ஜோடியைவிட 10 மி.மீ.க்கு மேல் கூடுதலாக இறங்கியிருந்தால், அந்தப் பட்டையின் பதம் சரியில்லை. ரசீதையும் இரண்டு அளவுத் தாளையும் எடுத்துக்கொண்டு அந்த வாரமே பட்டறைக்குப் போய்விடுங்கள்.